கையெழுத்துப் போடாத எட்டு வருஷம்

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் அவளுக்கு மணிக்கூண்டு அக்கா என்று பெயர். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிசகாமல் திருப்பிப் படுக்க வைப்பாள் என்பதால் வந்த பெயர். அறுபத்தொரு வயது. நான்கு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டி வந்தவள், அதன்பின் எங்கும் போகவில்லை. ஆனாலும் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை.

யாரும் சூழ்ச்சி செய்யவில்லை. முதல் சட்டம் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. அன்று நாட்டில் இருந்தவர்கள் தொண்ணூறு நாளுக்குள் பதிந்துகொண்டால் போதும். அம்மா சமையல் வேலை பார்த்த வீட்டின் எஜமானியம்மா, தங்கள் வீட்டு மனுஷிக்குப் பேப்பர் எதற்கு என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். தொண்ணூறு நாளும் அடுப்படியில் போயின. அடுத்த சட்டம், பெற்றோரில் ஒருவர் பதிந்திருந்தால் பிள்ளைக்கும் உண்டு என்றது. குடிமகனைக் கட்டிக்கொண்டவளுக்கும் உண்டு என்றது. வீட்டோடு தங்கிப் பெட்பேன் கழுவுகிறவளைப் பெண் பார்க்க யார் வருவார்கள்?

இப்போது மூன்றாவது சட்டம். எட்டு வருஷம் இடைவிடாமல் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும், மாதக் கடைசிக்குள். இல்லையென்றால் எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. இங்கேயும் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்றாவது தெரியும்.

வாடகை ரசீது, கரண்ட் பில் எதுவும் அவள் பெயரில் இல்லை. அவள் கடைசியாகப் பார்த்துக்கொண்ட வாத்தியார் பக்கவாதத்தில் எட்டரை வருஷம் கிடந்து போனவர். அவரைத் திருப்பிப் படுக்க வைத்த நேரங்களை அவள் குறித்த அட்டவணைகளை அவருடைய மகள் பரணில் கட்டி வைத்திருந்தாள். இரண்டு பை நிறைய. அதைத் தூக்கிக்கொண்டு மணிக்கூண்டு குடியுரிமை அலுவலகத்துக்குப் போனாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் புரட்டிப் பார்த்தாள். இடது, மல்லாந்து, வலது. தேதி, நேரம், எல்லாம் கச்சிதம். கையெழுத்துப் போடும் கட்டம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் காலி.

"ஏம்மா, ஒரு நாள்கூடவா போடல?"

"நர்சுதான் போடணும்னாங்க. அவங்க வர்றதே மாசத்துக்கு ஒரு தடவை. நான் நர்சு இல்லையே."

"உங்களைத் தினமும் பார்த்தவங்க யாராவது சாட்சி சொல்வாங்களா?"

"வாத்தியார் பார்த்தார். அவர் போயிட்டாரே."

அந்தப் பெண் வாத்தியாரின் மகளுக்குப் போன் செய்தாள். மகள் கறார் பேர்வழி. தான் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே போனதாகவும், தினமும் பார்த்ததாகப் பொய் எழுத முடியாது என்றும் சொன்னாள். மணிக்கூண்டுக்கு முகம் சுண்டிப்போனது. பைகளின் வாயை முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா இறந்த அன்று அவரைக் குளிப்பாட்டி அனுப்பியது மகள்தான். முதுகில், இடுப்பில், குதிகாலில் ஒரு புண்கூட இல்லை. அதை எழுதித் தரத் தயார் என்றாள்.

கவுன்ட்டர் பெண் போனை வைத்துவிட்டு அட்டவணையை மறுபடி புரட்டினாள்.

"எட்டரை வருஷம், புண்ணே இல்லையா? எங்க மாமியாருக்கு மூணே மாசத்துல முதுகு பிய்ஞ்சு போச்சு. ரெண்டு ஆள் வெச்சிருந்தோம்."

"ரெண்டு ஆள் இருந்தா அப்படித்தாம்மா. இவ பார்த்துப்பான்னு அவ, அவ பார்த்துப்பான்னு இவ."

பிற சான்றுகள் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஒரு நாள் தவறியிருந்தாலும் உடம்பு காட்டிக்கொடுத்திருக்கும் என்று அந்தப் பெண் குறிப்பு எழுதி, மகளின் கடிதத்தை வாங்கிச் சேர்த்து மேலே அனுப்பினாள். ஏழு மாதம் கழித்துக் குடியுரிமை தந்து உத்தரவு வந்தது.

உறுதிமொழி எடுக்கும் நாளுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது அதே பெண்தான் இருந்தாள். குடும்பத்தார் உட்கார ஆளுக்கு இரண்டு நாற்காலி ஒதுக்குவதாகவும், யார் யார் வருகிறார்கள் என்றும் கேட்டாள்.

மணிக்கூண்டு கொஞ்சம் யோசித்தாள். வாத்தியார் மகளைக் கூப்பிடலாம்தான். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"எனக்கு வேண்டாம்மா. பெரிய குடும்பமா யாராவது வருவாங்க, அவங்களுக்குப் போட்டுடுங்க."