‘இல்லை’ என்ற பதிலைப் பத்திரப்படுத்தியவன்

ஒரு நல்ல மனிதரை முக்கால் மணி நேரம் போனில் திட்டித் தீர்த்திருக்கிறேன். தவறு முழுக்க என்னுடையது.

கிள்ளானில் ஒரு ஸ்கேன் நிலையம். அங்கே எடுக்கும் படங்களை முப்பது கிலோமீட்டர் தள்ளி பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் மூளை மருத்துவர் தன் திரையில் பார்க்க வழி செய்து கொடுத்தவன் நான். படங்களை ஒரு சேமிப்பு நிறுவனம் பல ஊர்க் கணினிகளில் பிரதி எடுத்து வைத்திருக்கும்.

அன்று காலை லோரியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரின் ஸ்கேன். அவரை அசைக்கலாமா கூடாதா என்று படத்தைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல வேண்டும். திரையோ ‘படம் இல்லை’ என்றது. கிள்ளானில் ஸ்கேன் எடுத்த பெண், “படத்த ஏத்தி இருபது நிமிஷமாச்சு அங்கிள்!” என்று கத்தினார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சுபாங் ஜெயாவில் உள்ள என் அலுவலகத்திலிருந்து சேமிப்பு நிறுவனத்தின் பொறியாளரைப் போனில் பிடித்தேன். தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்தவர்.

“எல்லாப் பிரதியும் சரியா இருக்கு சார், ஏத்தின ரெண்டு செகண்ட்லயே…”

“இருந்தா ஏன்யா தெரியல? அங்க ஒரு மனுஷன் உயிர் ஊசலாடுது!”

அவர் ‘சார்’ போடப் போட என் குரல் ஏறியது. பணிவானவர்களைத் திட்டுவதில் எனக்குத் தனித் திறமை உண்டு.

இடையே டாக்டர் அழைத்தார். “வேற வழியில்லாம ஆளையே வேன்ல அனுப்பிட்டாங்க. ஃபெடரல் ஹைவே ஜாம்ல ஊர்ந்து அவரே வந்து சேந்துட்டாரு பாஸ், உங்க படம் இன்னும் வரல. நானும் காலையிலேருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெஃப்ரெஷ் அடிச்சிட்டேதான் இருக்கேன்.”

நான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். சேமிப்பகத்தை ஓயாமல் தொந்தரவு செய்யக் கூடாதென்று, ‘இல்லை’ என ஒருமுறை பதில் வந்தால் பத்து நிமிடத்துக்கு அதையே திருப்பிச் சொல்லும்படி நிரல் எழுதியிருந்தேன். இடையில் யாராவது கேட்டால் அந்தப் பத்து நிமிடம் முதலிலிருந்து தொடங்கும். படம் ஏறுவதற்கு முன்பே டாக்டர் கேட்க ஆரம்பித்துவிட்டார். அவர் அக்கறையாகக் கேட்கக் கேட்க, அந்தப் பழைய ‘இல்லை’யின் ஆயுள் நீண்டுகொண்டே போனது. அலட்சியமான டாக்டராக இருந்திருந்தால் எப்போதோ படத்தைப் பார்த்திருப்பார்.

நான்கு வரிகளை அழித்தேன். படம் உடனே வந்து நின்றது. பொறியாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார்” என்றார். பதிலுக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். இப்போது திட்டுவதற்கு என்னைத் தவிர ஆளில்லை. அந்த வேலையை நான் அரைகுறையாகத்தான் செய்வேன்.

மாலையில் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“அவர் மூளைக்கு ஒண்ணும் ஆகல. தையல் போட்டாச்சு, சாப்பிட ரொட்டி சானாய் கேக்கிறாரு. நீங்க ஒரு ஸ்கேன் எடுத்துக்குங்க லா. படம் மெதுவா வரட்டும், எனக்கு அவசரமில்ல.”