டிஸ்க் பிரேக்குக்கு ஒரு விண்ணப்பம்

வண்டியின் அமைப்பை மாற்றும் முன் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும் என்பது விதி. என் பழைய பயண மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்து டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பொருத்த விண்ணப்பித்து ஏழு மாதம் ஆகிறது. பதில் இல்லை. அரசாங்கக் கோப்புகளிலேயே தலை நரைத்தவன். விதியை மீற எனக்குக் கை வராது. அதனால் பழைய டிரம்முக்கே புது பிரேக் ஷூவை நானே மாட்டி, கேபிளுக்கு எண்ணெய் விட்டுக் கல்வராயன் மலை ஏறிவிட்டேன். ஏறுவது பெரிதல்ல. இறங்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால் பள்ளம்தான்.

இப்போது வெள்ளிமலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையத்தில் ஒரு மெக்கானிக் கடை முன் நிற்கிறேன். கடைக்காரர் கரீம் பாய் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் குனிந்து டிரம்மைத் தொட்டுப் பார்க்கிறார். மலையிறங்கி வரும் எல்லா வண்டிக்கும் இதுதான் அவருடைய முதல் விசாரணை.

"இன்னா சார், சூடு இவ்ளோ கம்மியா இருக்குது? வர்றவங்க எல்லாம் பிரேக்கைப் புடிச்சிக்கினே எறங்கி, ஷூவைக் கருக்கிக்கினு வந்து நிப்பாங்க."

"இரண்டாவது கியரிலேயே வந்தேன் பாய். வளைவில் மட்டும்தான் பிரேக்."

"ஷூ யாருங்க மாட்னது?"

"நான்தான்."

"ரிட்டயர் ஆயிட்டீங்கல்ல? நாளைக்கே நம்ம கடைக்கு வந்துடுங்க."

என் பணிக்காலம் முழுவதும் எந்த மேலதிகாரியும் இப்படியொரு நற்சான்று தந்ததில்லை.

மலையில் கிடைக்காத சிக்னல் இங்கே கிடைத்ததும் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுகிறது. டிஸ்க் பொருத்த அனுமதி வழங்கப்பட்டிருக்கிறதாம். பாயிடம் காட்டுகிறேன்.

"இனிமே எதுக்கு சார்?" என்கிறார்.

பழக்கதோஷம், குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறேன்: பதில் கிடைத்த நாள், ஆடி பதினெட்டு, மலையிறங்கிய பிறகு.