ஒற்றை டிக்

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்து, ஆவடி குவார்ட்டர்ஸ் சமையலறையில் ஜெயகுமாரியும் மகள் ஹெலினாவும் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஹெலினாவின் கையெல்லாம் மீன். அம்மாதான் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

"அழிக்க முடியாதா? கம்ப்யூட்டர் படிச்சவதானே நீ?"

"லேட் மம்மி. வியாழக்கிழமை அனுப்பியிருக்கே. இப்போ அழிச்சா உன் போன்ல மட்டும்தான் போகும்."

ஜெயகுமாரி டியூஷன் மிஸ். அப்பா அம்மா இருவரும் ஷிப்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு, பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அவள் எண்தான். வீட்டுப்பாடம் அவளுக்கு வரும்; அவள் எழுத வைப்பாள். அந்தக் குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டுவிட்டார்கள். ஒரு ஆளை வெட்டிக் கொல்லும் காட்சி. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 'பசங்க ஜாக்கிரதை, இந்த மாதிரி எல்லாம் வருது' என்று எழுதி, வீடியோவையும் சேர்த்தே எல்லாப் பெற்றோருக்கும் தனித்தனியே அனுப்பினாள். சாயங்காலமானால் அந்தப் போன்கள் பிள்ளைகள் கையில் இருக்கும் என்பது பதற்றத்தில் தோன்றவில்லை.

டியூஷனுக்கு வரும் சபீனா பார்த்துவிட்டாள். மூன்றாம் வகுப்பு. பாத்ரூம் கதவைச் சாத்தவே பயப்படுகிறாள்.

"மிஸ்ஸு அனுப்புனதுன்னு அந்தப் புள்ள தொறந்துச்சாம்," என்றாள் ஜெயகுமாரி.

வீடு வீடாக ஏறி இறங்கி, எதிரில் நின்று அழிக்க வைத்திருந்தாள். "இன்னா மிஸ்ஸு, நீங்களே படம் காட்றீங்க!" என்று ஒருவர் சிரித்தார். மிச்சம் எத்திராஜ் வீடு மட்டும். நெமிலிச்சேரி. போனை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு திருத்தணி போயிருந்தார். அந்த வீட்டில் அது ஒன்றுதான் போன். மகள் வித்யாவுக்கு எட்டு வயது.

"ஒரு டிக்குதான் கீது. அப்போ போய்ச் சேரலதானே?"

"சர்வர்ல நிக்குது மம்மி. போனை ஆன் பண்ணதும் போயிடும்."

அம்மா போனை மேடையில் வைத்தாள். "செவ்வாய்க்கிழமை வந்துருவாங்க. விடிஞ்சதும் நானே போயிடறேன்."

திங்கள் அதிகாலை அம்மாவுக்கு நெஞ்சுவலி. மருத்துவமனை வாசலிலேயே உயிர் போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் ஹெலினா அந்த எண்ணை அழைத்தாள். ஸ்விட்ச் ஆஃபிலேயே இருந்தது. துக்கத்துக்கு வந்த பெற்றோரிடம் எத்திராஜ் வீடு எங்கே என்று கேட்டாள்.

"போன மாசம்தாம்மா மாறிப் போனாங்க. ஸ்டேஷனுக்குப் பின்னால எங்கியோ. மிஸ்ஸுக்குத்தான் தெரியும்."

அம்மாவின் போனைக் கீழே வைக்க அவளால் முடியவில்லை. திரை அணைய விடாமல் தொட்டுக்கொண்டே இருந்தாள். இன்னும் ஒரு டிக்.

வெளியே இருட்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை. நெமிலிச்சேரிக்கு யாரும் போகவில்லை.