மலைக்கடைக் கிழங்கு

என் வீட்டுக்காரர் பொதிமாடு ஓட்டியவர். போடியில் அரிசி ஏற்றிக்கொண்டு குரங்கணி வழியாக ஏலமலைக்குப் போவார். திரும்பும்போது மரவள்ளிக் கிழங்கும், மேலே ஒரு மலையாளத்தார் கடையில் அதை மசிக்கிற பக்குவமும் கொண்டுவருவார். அவர் தேங்காய் துருவித் தர, நான் நல்லெண்ணெயில் தாளித்து இறக்குவேன். ஒரு வாய் தின்றதுமே, "அப்படியே அந்தக் கடை ருசி புள்ள!" என்பார். எனக்குப் பெருமை தாங்காது.

மலைக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. பிழைப்புக்காக நானே ஏலக்காய் பறிக்க மலையேறினேன். போனதும் அந்தக் கடையைத் தேடிப்பிடித்துக் கிழங்கு வாங்கினேன். பச்சைத் தேங்காயெண்ணெய் வாசம் தூக்கியது. நான் செய்ததற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"செவலைக்காளை ஓட்டிவருவாரே போடிக்காரர், அவரு பொண்டாட்டி நான். இதத்தான அவரு ஆசையாத் திம்பாரு?"

கடைக்காரர் என்னையே பார்த்தார். "அவரோ? ஒருநாளும் தின்னதில்லை அம்மா. பக்குவம் மட்டும் கேப்பாரு. சும்மா கொடுத்தாலும் வாங்காம கட்டுச்சோத்தைப் பிரிப்பாரு. 'வீட்டுல அவ செய்வா, சேர்ந்து திங்கணும்'னு சொல்லுவாரு."

அந்த ருசியை எனக்கு வந்து சொன்னவருக்கு அது தெரியாது. தெரிந்துகொண்ட நான் இப்போது யாரிடம் போய்ச் சொல்வேன்?