ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த கம்பளம்

போடிமெட்டுக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போதே கம்பளம் தோளை அழுத்த ஆரம்பித்துவிட்டது. இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அது காருக்குள் காலடியில் விரிக்கிற கம்பளம், இரண்டு துண்டு. சின்னதைப் பெரியதற்குள் வைத்துச் சுருட்டி வாழைநாரால் கட்டியிருந்தேன். என் வேட்டி ஒன்று, சட்டை ஒன்று, அலுமினியத் தட்டு எல்லாமே அந்தச் சுருளுக்குள்தான் இருந்தன. அன்று காலையில்தான் ஏலக்காய் எஸ்டேட்டில் என்னைப் போகச் சொல்லியிருந்தார்கள்.

அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து எத்தனையோ இடங்களிலிருந்து இப்படி நடந்திருக்கிறேன். சில இடங்களில் அவர்கள் போகச் சொன்னார்கள், சில இடங்களில் நானே கிளம்பினேன். கவலையெல்லாம் கம்பளத்தைப் பற்றித்தான். சாயங்கால ரயில் போடிக்கு வருவதற்குள் அது முதலாளியின் கார் ஓட்டுகிற டிரைவர் அண்ணன் கைக்குப் போய்ச்சேர வேண்டும். சேராவிட்டால் அவருக்கு வேலை போய்விடும். முதலாளி வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் அவரும் மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலை போனால் அந்த அறையும் போகும்.

ஸ்டோரில் தீ பார்ப்பது என் வேலை. பறித்த ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே போய் அறையைச் சுற்றி வரும். குழாய்க்கு மேலே கம்பிவலைத் தட்டுகளில் காய் கிடக்கும். சூடு கூடினால் காய் வெடித்துவிடும், குறைந்தால் பச்சை நிறம் போய்விடும். இரண்டு மழைக்காலம் அந்தச் சூட்டைக் கையை நீட்டிப் பார்த்தே கணித்தேன். ஐப்பசி மாதத்தில் அந்த மலையில் ஈரமில்லாத இடம் அது ஒன்றுதான். எங்கள் துணிமணிகளை அடுப்பை ஒட்டிய வெளிச் சுவரில் காயப்போடுவோம். காய் இருக்கிற அறைக்குள் மட்டும் எதையும் கொண்டுபோகக் கூடாது. மடியில் பீடிக்கட்டு இருந்தால்கூட வாசலில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் ஏலக்காய் அதை இழுத்துக்கொள்ளும்.

முதலாளி கீழே போடியில் இருந்தார். அவருடைய கார் கறுப்பு நிறத்தில் ஒரு பழைய வெளிநாட்டு வண்டி. வாங்கும்போதே உள்ளே சிவப்புக் கம்பளம் இருந்ததாம். அந்தச் சிவப்பைப் பார்த்தவர்கள் குறைவு. கம்பளம் தேய்ந்துவிடக் கூடாது என்று அதன்மேல் தென்னைநார்ப் பாய் போட்டிருந்தார்கள். பாய் அழுக்காகக் கூடாது என்று அதன்மேல் சாக்கு. மழைக்காலத்தில் சாக்கைக் காப்பாற்ற அதற்கும் மேலே பழைய பேப்பர். போடியில் அன்று கார் வைத்திருந்த சில வீடுகளிலும் இதே வழக்கம்தான். மேலே ஒன்று போடுவார்களே தவிர, கீழே இருப்பதை எடுத்து உதறிக் காயவைக்க யாருக்கும் தோன்றாது. விருந்தாளி வருகிற அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் உருவிவிட்டுக் கம்பளத்தைக் காட்டுவார்கள்.

அந்த வருஷம் அப்படி உருவியபோது வண்டிக்குள் தலையை நீட்ட முடியவில்லை. நனைந்த குடைகள், பலாப்பழம், மலை வளைவில் எப்போதோ கவிழ்ந்த தயிர்ச்செம்பு என்று எல்லாம் அடியில் இறங்கிக் கம்பளத்தில் தங்கியிருந்தன. மேனேஜருக்கு மருந்து கொடுக்க வண்டியைத் தனியாக மேலே கொண்டுவந்த டிரைவர் அண்ணன், அதை நேராக என் அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே, செத்த ஆடா?" என்றேன்.

"சிரிக்காதே மாப்ளே. நாளைக்குச் சாயங்கால ரயில்ல மொதலாளி மகளைப் பொண்ணு பாக்க வர்றாக, மதுரைக்காரக. ஸ்டேசன்லருந்து இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வரணும். பின்னாடி உக்கார்றவக மூக்கைப் பொத்துனா சாவியைக் குடுத்துட்டு நடையைக் கட்டுன்னுட்டாரு மொதலாளி."

"அலசிப் பாத்தீகளா?"

"சீயக்காய் போட்டு அலசுனேன். இப்ப அதுவும் சேந்து நாறுது. கீழ மூணு நாளா வெயிலே இல்ல. உன் அடுப்புல காய வச்சுக் காலையில எறங்குற ஜீப்புல போட்டு விடு. மறந்துறாதே."

அவர் உடனே இறங்கிப் போக வேண்டியிருந்தது. நான் கம்பளத்தைச் சுவரில் விரித்தேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் சொட்டிக்கொண்டே இருந்தது. இந்த வேகத்தில் நாலு நாள் ஆகும். அறைக்குள் ஒரு மூலையில், தட்டுகளுக்கு எட்டாத தூரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன். வாடைக்குத் தூரம் கிடையாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

காலையில் ஸ்டோர் மேஸ்திரி வந்தார். அவர் கீழே தேவாரம் ஊர்க்காரர்தான். மலையில் இருபது வருஷம் இருந்ததில் பாதி மலையாளம் ஒட்டியிருந்தது. தட்டிலிருந்து ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். 

"எந்தாடா இது? ஆட்டுப்பட்டியில காய வச்சியா?"

நான் மூலையைக் காட்டினேன்.

"யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல. வண்டியிலருந்து எடுத்து வச்சிருந்தாக. நனைஞ்சு கெடந்துச்சேன்னு நானாத்தான் போட்டேன்."

அவர் இன்னும் இரண்டு தட்டுக் காயை முகர்ந்து பார்த்தார். "மூணு தட்டு போச்சு. நீயும் போயிரு" என்றார். சத்தம் போடவில்லை. அந்தக் காயை அவர் பார்த்த பார்வைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்தப் பேச்சு நடக்கும்போதே ஜீப்பு கிளம்பிப் போய்விட்டது. அதனால்தான் நடந்தேன்.

மெட்டுச் சாவடியில், ஏலக்காய் கடத்துகிறார்களா என்று பார்க்கிற காவல்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். எஸ்டேட்டுகளுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் அங்கே ஜீப்புக்காகக் காத்து நின்றார்கள்.

"சுருளுக்குள்ள என்ன?"

"கார்க் கம்பளம்."

"ஏலக்காய் வாசம் பத்தடி தள்ளி அடிக்குது, கம்பளமாம். பிரி."

நடுரோட்டில் பிரித்தேன். அலுமினியத் தட்டு கழன்று உருண்டு பெண்களின் காலடியில் போய் விழுந்தது.

"கல்யாண வீட்டுக்கு ஜமுக்காளம் தூக்கிட்டுப் போறீகளோ, மாப்ளே?" என்றாள் ஒருத்தி.

"கல்யாணத்துக்குத்தான் ஆத்தா."

"பொண்ணு எந்த ஊரு? தட்டு ஒண்ணுதான் வச்சிருக்கீக, அவளுக்குச் சோறு எதுல போடுவீக?"

காவல்காரர் கம்பளத்தை உதறினார், தடவினார், திருப்பிப் போட்டு விளிம்பைக் கசக்கினார். ஒரு காய்கூட விழவில்லை. தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு மழைக்காலம் ஸ்டோருக்குள் கிடந்த என் மூக்குக்கு ஏலக்காய் வாசமே தெரியாமல் போயிருந்தது. வழியெல்லாம் அது நாறுகிறதென்றே நினைத்துத் தூக்கி வந்திருக்கிறேன். தட்டை எடுத்துக் கொடுத்த பெண் குனிந்து முகர்ந்தாள்.

"நெசந்தான். எங்க வீட்டுப் பாயசத்துலகூட இம்புட்டு வாசம் வந்ததில்ல."

ஏலக்காய் கம்பளத்தின் வாடையை எடுத்துக்கொண்டிருந்தது, கம்பளம் ஏலக்காயின் வாசத்தை எடுத்துக்கொண்டிருந்தது. மூன்று தட்டுக் காய் வீணாகிப் போனதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டுச் சிரித்தேன்.

அங்கிருந்து கீழே இறங்குகிற ரோடு மடிந்து மடிந்து போகும். நடக்கிறவர்கள் ஒவ்வொரு வளைவையும் குறுக்காக வெட்டிக்கொண்டு ஓடைத் தடத்தில் இறங்குவோம். மேலே மேகத்துக்குள் இருந்துவிட்டு, ஏதோ ஒரு வளைவில் சட்டென்று கீழே சமவெளி முழுதும் தெரியும். வயல், தோப்பு, கண்மாய், அதற்கு நடுவே போடியின் ஓட்டுக் கூரைகள். எத்தனையோ மலைகளில் இறங்கியிருக்கிறேன், அந்த இறக்கம்தான் இன்னும் காலில் இருக்கிறது. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. இருந்தும் அன்றைக்கு வெரசாக நடந்தேன், ஓடினேன் என்றுகூடச் சொல்லலாம்.

போடிக்குள் நுழையும்போது மதியம் இரண்டு இருக்கும். டிரைவர் அண்ணன் கார்க் கொட்டகை வாசலிலேயே நின்றார். ஜீப்பு வெறுமனே வந்ததைப் பார்த்ததிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார்.

"எங்கடா போயிட்ட?" என்று கேட்டவர், சுருளைப் பிரித்ததும் குனிந்து மூச்சை இழுத்தார். அப்படியே உட்கார்ந்து முகத்தைக் கம்பளத்தில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சங்கடம் விரித்தபோது தெரிந்தது. சூட்டில் கம்பளம் ஒரு சாண் சுருங்கியிருந்தது. சூட்டுக் குழாயில் பட்ட ஒரு ஓரம் கருகி முறுக்குப் போல உடைந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் வண்டியின் தரை. பின்சீட்டுக்கு முன்னால் இரும்பு துருப்பிடித்து உள்ளங்கை அளவு ஓட்டை. குனிந்தால் கொட்டகையின் மண் தெரிந்தது.

"இதுக்குள்ள மாப்பிள்ளையோட ஆத்தா காலு போச்சுன்னா?" என்றேன்.

"வாயை மூடிட்டு மண்ணெண்ணெய் டின்னு ஒண்ணு கொண்டா."

டின்னை வெட்டித் தட்டி விரித்து, ஓட்டைக்கு மேலே வைத்து நாலு மூலையிலும் கம்பியால் தைத்தேன். சுற்றிலும் தார் பூசினோம். கம்பளத்தின் கருகிய ஓரத்தைக் கத்தரித்துத் தள்ளினோம். அப்புறம் டிரைவர் அண்ணன் முன்பக்கத்துத் துண்டை எடுத்து இரண்டாக வெட்டி, பின்னால் குறைந்த இடத்தை அதைக் கொண்டு அடைத்தார்.

"முன்னாடி?"

"முன்னாடி மொதலாளி காலுக்கு நார்ப் பாய் போதும். என் காலுக்கு இரும்பு போதும். டிரைவர் காலடியை எவன் எட்டிப் பாக்குறான்?"

இஞ்சின் சூடு நேராக ஏறுகிற இடம் அது. வெறும் இரும்பில் பாதத்தை வைத்துத்தான் அன்று ஸ்டேஷனுக்கு ஓட்டினார்.

ரயிலிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, ஒரு அத்தை. பெட்டி தூக்க என்னை நிறுத்தியிருந்தார் டிரைவர் அண்ணன். பின்கதவைத் திறந்தார். அந்த அம்மாள் ஒரு காலை உள்ளே வைத்தார், மூச்சை இழுத்தார், உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா முன்சீட்டிலிருந்த முதலாளியிடம் சொன்னது வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

"ஏலக்காய்க்காரக வீட்டுச் சம்பந்தம்னா வண்டிகூட மணக்குமோ?"

முதலாளி சிரித்தார். சிரித்துவிட்டுப் பின்னால் திரும்பி ஒருமுறை மூச்சை இழுத்தார். 

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தே முதலாளி வீடு போய்ச்சேர்ந்தபோது விருந்தாளிகள் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி மட்டும் வெளியே, காரின் பின்கதவைத் திறந்து குனிந்து நின்றார். பக்கத்தில் டிரைவர் அண்ணன்.

"இது என்ன வாசம்?"

"ஏலக்காய் வாசம் மொதலாளி."

"நான் என்ன புளி வியாபாரமா பண்றேன்? காய் வச்ச சாக்குல வர்ற வாசம் வேற. இது சூட்டோட ஏறுன வாசம். இதை எங்க காயப் போட்ட?"

டிரைவர் அண்ணன் என் பக்கம் பார்த்தார். என்னைக் கைகாட்டிவிடுவார் என்று நினைத்தேன், காட்டட்டும் என்றும் நினைத்தேன். எனக்குப் போவதற்கு இனி வேலை இல்லை, அறை இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தேன்.

அவர் எனக்கு முந்திக்கொண்டார். "ஸ்டோர்ல. காய வச்சுக் குடுன்னு கேட்டது நான்தான். இவன் மேல தப்பு இல்ல."

"காய்?"

"மூணு தட்டு போச்சு மொதலாளி" என்றேன் நான்.

முதலாளி காரின் பின்கதவை மூடினார். அந்த மூன்று தட்டும் எந்தத் தரம், எப்போது பறித்தது என்றெல்லாம் அவர் மனதில் ஓடியிருக்கும். உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அப்பா அவரைக் கூப்பிட்டார். ஏதோ நல்ல குரலில்தான் கூப்பிட்டார்.

"மூக்கைப் பொத்துனாத்தான் சாவியைக் குடுக்கச் சொன்னேன்" என்றார் முதலாளி, டிரைவர் அண்ணனைப் பார்க்காமலே. "யாரும் பொத்தல. நாளைக்கு இவகளைக் காலை ரயிலுக்கு ஏத்திட்டு வண்டியை மெக்கானிக் ஷெட்டுல விடு. அடித்தகரத்தை முழுசா மாத்து." பிறகு என்னிடம், "நீ மறுபடி ஸ்டோர்ப் பக்கம் மலை ஏறிராதே" என்றார். உள்ளே போய்விட்டார்.

டிரைவர் அண்ணன் காரின் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு பாதத்தைத் தூக்கி உள்ளங்காலைத் தடவிக்கொண்டார். சிவந்து போயிருந்தது. அவர் வீட்டு அறையில் அன்றைக்கு எனக்குச் சோறு போட்டார்கள். கத்திரிக்காய்க் குழம்பு. கடைசிப் பெண் என் அலுமினியத் தட்டை முகர்ந்து பார்த்து, இதுவும் மணக்குது என்றாள்.

மறுநாள் காலை விருந்தாளிகளை ரயில் ஏற்றிவிட்டு, நாங்கள் இருவரும் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். கம்பளம், நார்ப் பாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வேலியில் போட்டேன். பல நாளுக்குப் பிறகு வெயில் வந்திருந்தது. மெக்கானிக் தரையை ஒரு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். தட்டிய இடமெல்லாம் உதிர்ந்தது.

"இதை ஒட்டுப்போட முடியாது. மொத்தமாச் சுரண்டி எடுத்தாத்தான் எது நல்ல இரும்புன்னு தெரியும். அடியில படுத்துச் சுரண்ட ஆளு வேணும். நாலு நாளாகும்."

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"படுப்பியா?" என்றார் மெக்கானிக்.

"படுப்பேன்" என்றேன்.

ஒரு சாக்கைத் தரையில் விரித்து, கம்பி பிரஷை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். முதல் இழுப்பிலேயே துரு முகத்தில் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு சுரண்டத் தொடங்கினேன்.