நான்காவது துளை

என் கணவர் டைல் பதிப்பவர். மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்தில் புதிது புதிதாக முளைக்கும் வீடுகளின் குளியலறைகளில் பதினொரு வருடம் முழங்காலில் நின்று உழைத்தவர். வெரிபீயில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் யூட் என்ற திறந்த சின்ன லொறியின் பின்தட்டில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அவருடைய சாமான் முழுவதும் அதற்குள்தான். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தபோது பெட்டியின் மூடி வாழையிலை போல மடிந்து கிடந்தது. டைல் வெட்டும் மெஷினிலிருந்து மட்டம் பார்க்கும் லேசர் வரை ஒன்றும் இல்லை. கள்ளன் விட்டுப்போனது ஒரு பழைய கடற்பஞ்சும் சிமெந்து காய்ந்த ஒரு வாளியும்.

அதன்பிறகு அவர் கராஜில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து வந்து பார்த்தால் காலையில் இருந்த அதே இருப்பு. கெஞ்சினேன், கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஒருநாள் தேநீர்க் கோப்பையைச் சுவரில் எறிந்தேன். அவர் எழும்பி வந்து துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பவும் போய் இருந்தார். எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது அப்போதுதான். சண்டை பிடிக்கிற மனுசனோடு குடும்பம் நடத்தலாம். சண்டைக்கே வராத மனுசனை என்ன செய்வது?

இப்படி நான்கு மாதம் போனது. பிறகு அவரோடு முன்பு வேலை செய்த ஒரு கட்டட முதலாளி போன் எடுத்தார். ஏழு வீடுகள், பதினான்கு குளியலறைகள். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வரவேண்டும், சொந்தச் சாமான் வேண்டும், அதோடு யூட்டில் நல்ல பூட்டுள்ள பெட்டியும் வேண்டும் என்றார். சைட்டில் களவு கூடிவிட்டதாம். பெட்டி இல்லாதவனை உள்ளே விடமாட்டாராம். சாமானை நாங்கள் அங்கே இங்கே பழையதாகப் பார்த்து வாங்கிச் சேர்த்துவிட்டோம். பெட்டிதான் மிச்சம். இந்தத் திங்கட்கிழமை தவறினால் இந்த மனுசன் கதிரையை விட்டு எழும்பவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம் ஒரு கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். விற்பவன் பளபளக்கும் ஒரு பெரிய கறுப்புப் பெட்டியைக் காட்டிப் புகழ்ந்தான். அதன் பூட்டு என் முழங்கை அளவு இருந்தது. எனக்குப் பிடித்துப்போனது. அவர் பூட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெட்டியின் பின்பக்கம் போய், மூடி திரும்பும் கீலருகே குனிந்தார்.

"பூட்டை விடும், பிணைச்சலைப் பாரும். வெளியால இருக்கு. கள்ளன் ஏன் பூட்டோட மினக்கெடுறான்? இதைக் கழட்டிப்போட்டுப் போவான்," என்றார்.

அடுத்தது ஓர் அலுமினியப் பெட்டி. மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னப் புடைப்புகள். பிணைச்சல் உள்ளே மறைந்திருந்தது. மூடியைத் திறந்து, ஓரத்து ரப்பரை விரலால் அழுத்தி, மழைத்தண்ணீர் போகுமா என்று பார்த்தார். விரலை மடக்கித் தட்டினார். தட்டின் பக்கக் கதவை இறக்கினாலும் மூடி முழுதாகத் திறக்குமா என்று சேப்பில் இருந்த டேப்பை எடுத்து மூன்று தரம் அளந்தார். முன்பென்றால் கண்ணாலேயே சொல்லிவிடுவார். ஆனாலும் அந்த டேப் இழுபட்டு உள்ளே போகும் 'சர்' என்ற சத்தத்தை நான்கு மாதத்துக்குப் பிறகு கேட்டேன். கடைக்காரனுக்கு முன்னால் அழக்கூடாது என்று வாசலுக்குப் போய் நின்றேன்.

அந்த அலுமினியப் பெட்டியையே வாங்கினோம். அதை யூட்டில் எப்போது பொருத்துவது என்பதில்தான் என் விசர் தொடங்கியது. குசினிச் சுவரில் மளிகைக் கடை தந்த தமிழ்க் கலண்டர். சனிக்கிழமை ஒன்பது தொடக்கம் பத்தரை வரை ராகு காலம். அதற்கு முன்னர் தொடங்கிவிட வேண்டும் என்றேன்.

"இஞ்சத்தை ராகுவுக்கும் டே லைட் சேவிங் இருக்கோ?" என்று கேட்டார். கோடையில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள்; அதை வைத்துப் பகிடி விட்டார்! எத்தனை நாளைக்குப் பிறகு! நான் உருகிப்போனேன், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

நல்ல நேரத்தில் தொடங்கினால் போதும் என்பதுதான் எங்கள் வழக்கம். முதல் துளை ஒன்பதுக்கு முன்னர் விழுந்தால் மற்றதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம். அன்று எனக்கு அது போதவில்லை. நான்கு துளையும், நான்கு திருகாணியும் ஒன்பதுக்கு முன்னர் இறங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். பட்ட காலிலே படும் என்பார்கள். எங்களுக்குப் பட்டது காணும், இனிப் படக்கூடாது என்ற வெறி. மறுநாள் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு யூட்டைக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து எடுப்பதாகவும் நேர்ந்துவைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கித் தட்டில் வைத்தோம். அவர் எனக்கு வேலையை விளங்கப்படுத்தினார். திருகாணி பெட்டிக்குள்ளிருந்து கீழே இறங்கும். மூடி பூட்டியிருந்தால் வெளியிலிருந்து எவனாலும் கழற்ற முடியாது. அதனால் பெட்டியின் அடியையும் யூட்டின் தட்டையும் சேர்த்துத் துளைக்க வேண்டும். தட்டுக்குக் கீழே வயர் ஓடும், டீசல் குழாய் ஓடும். அவர் மேலே நின்று புள்ளியில் சுத்தியலால் தட்டுவார். நான் கீழே படுத்து, சத்தம் வரும் இடத்துக்கு நேரே ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நீர் சொன்னால்தான் நான் துளைப்பன். வடிவாப் பார்க்கோணும்," என்றார்.

முதல் துளைக்கு வடிவாகப் பார்த்தேன். இரண்டாவதுக்கு ஒரு வயர் குறுக்கே போவதைக் கண்டு சொன்னேன். அவர் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அதனால் மற்றப் புள்ளிகளையும் மறுபடி அளக்க வேண்டி வந்தது. நேரம் ஓடியது. மூன்றாவது முடிய எட்டு ஐம்பது. நான்காவதுக்கு மறுபக்கம் போய்ப் படுத்தேன். கையில் போன், அதன் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மேலே டக், டக் என்று தட்டினார். நான் போனைத் திருப்பினேன். எட்டு ஐம்பத்து நான்கு. என் கண் அந்த எண்ணிலேயே நின்றது. தட்டின் அடியை நான் பார்க்கவில்லை.

"என்ன மாதிரி? ஏதும் இருக்கோ?"

"ஒண்டும் இல்லை. கெதியாப் போடுங்கோ!"

துளைப்பான் அலறியது. நான் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு நிற்கும்போது மணம் வந்தது. முதலில் மணம், பிறகு சொட்டுச் சத்தம். அவர் குதித்து இறங்கிக் கீழே படுத்தார். எஞ்சினுக்கு டீசல் கொண்டுபோகும் குழாய், துளைக்கு நேர் கீழே, சரி நடுவில் ஓட்டை. உள்ளங்கையைக் குவித்து டீசலை ஏந்திக்கொண்டே கிடந்தார், அதனால் என்ன பயன் என்று யோசிக்காமல். நான் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை ஓடிப்போய் எடுத்து வந்தேன். அதைப் பிசைந்து அடைத்தார். சொட்டு நின்றது, ஆனால் யூட்டும் அங்கேயே நின்றுவிட்டது. தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். செவ்வாய்க்கிழமைக்கு முன்னர் கை வைக்க ஏலாது என்றார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எனக்கு அது முழுக்கப் பொருந்தும். அவர் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் உடனே உண்மையைச் சொல்லி அழுதிருப்பேன். அவர் ஏசவில்லை. கை இரண்டையும் விரித்து, டீசல் வழிய வழியப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ர கை பழுதாப் போட்டுது," என்றார். "தட்டின இடம் ஒண்டு, துளைச்ச இடம் ஒண்டு. இந்தக் கையோட இனி டைல் பதிக்கிறதோ?"

நான் உண்மையைச் சொல்லாமல், தரையில் சிந்திய டீசலுக்கு மண் அள்ளிப் போட்டேன். அவர் கராஜுக்குள் போனார். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலும் இல்லை, பூசையும் இல்லை. மத்தியானம் அவருக்குச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, திங்கட்கிழமை என் காரிலேயே அவரைக் கொண்டுபோய் விடுகிறேன், சாமானைப் பின் சீட்டில் அடுக்கலாம், பெட்டி செவ்வாய் வந்துவிடும் என்று முதலாளியிடம் நானே கெஞ்சுகிறேன் என்றேன்.

"பெட்டி இல்லை எண்டதில்லை பிரச்சினை," என்றார். "நான் ஆருடைய வீட்டையாவது பழுதாக்கிப்போடுவன். அந்தாளுக்கு வரேல்லை எண்டு சொல்லப்போறன்."

போன் அவர் மடியில் இருந்தது. அதை எடுத்துவிடுவார் என்று கண்டதும் எனக்குள் எல்லாம் உடைந்தது. தரையில் அவருடைய காலடியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் பார்க்கவில்லை, மணியைத்தான் பார்த்தேன், உங்கள் கையில் ஒரு பிழையும் இல்லை, நீங்கள் தட்டிய இடத்தில்தான் துளைத்தீர்கள், குழாய் அங்கேதான் இருந்தது, நான்தான் பாவி.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு மாதத்தில் என் முகத்தை அப்படி நேராகப் பார்த்தது அன்றுதான்.

"நீர் கீழ படுத்ததை நான் கண்டனான்," என்றார். "உம்மட கால் ரெண்டும் வெளியில தெரிஞ்சது. போன் வெளிச்சமும் தெரிஞ்சது."

"படுத்தனான். ஆனா பார்க்கேல்லை. சாமி சத்தியமாப் பார்க்கேல்லை!"

"ரெண்டாவதுக்கு அந்தச் சின்ன வயரையே கண்டு சொன்னனீர். இவ்வளவு பெரிய குழாயைக் காணாமல் விடுவீரோ?"

நான் அவருடைய கையைப் பிடித்து உலுக்கினேன். நம்புங்கோ, நம்புங்கோ என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் என் கையை மெல்ல விலக்கி, என் தலைமயிரைத் தடவிவிட்டார்.

"பாவம் நீர்," என்றார். "எனக்காகப் பொய்யெல்லாம் சொல்ல வேண்டியதாப் போச்சு."

பிறகு போனை எடுத்து முதலாளியின் இலக்கத்தை அழுத்தினார்.