அண்ணன் கொடுத்த கணினி

மலாக்காவில் வானொலிப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அகல்யா பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய மாரியம்மாவின் மகள். தாயும் மகளும் புக்கிட் காத்திலில் குடியிருந்தார்கள்.

தொண்ணூற்றாறில், பெட்டிகள் கக்கும் மின்காந்த இரைச்சலை அளக்க இரும்புத் தகடு அடித்த தனியறை கட்டினார்கள். அளவுகளைப் பதிய உள்ளே வைக்கும் கணினியே இரைச்சல் போட்டால், எது வானொலியின் குற்றம், எது கணினியின் குற்றம் என்று பிரிக்க முடியாது. அதனால் உலோகக் கூடு இடுக்கில்லாமல் மூடிய கணினியாகத் தேர்ந்தெடுக்கும் வேலையை மேலாளர் அவளிடம் கொடுத்தார்.

அண்ணன் புவனேஸ்வரன் டவுனில் கணினிக் கடை வைத்திருந்தான். கோபம் வந்தால் அவனுக்குக் கைதான் முதலில் பேசும். அடி தாங்காமல் அவன் மனைவி இந்திராதேவி தாய்வீட்டுக்கு ஓடியிருந்தாள். மற்றக் கடைக்காரர்களைப் போல அவனும் தேர்வுக்கு ஒரு கணினி அனுப்பினான்.

மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு அதை மட்டும் ஓட்டினாள் அகல்யா. அளவுத்திரையில் கோடுகள் ஈட்டி ஈட்டியாய் எழுந்தன. கழற்றிப் பார்த்தாள். அழகுக்காக மூடியின் விளிம்பிலும் சாயம் அடித்திருந்தான். சாயத்தால் இரும்பும் இரும்பும் ஒட்டவேயில்லை; அந்த இடுக்கில் இரைச்சல் கசிந்தது.

"ஓரத்துப் பெயிண்ட சுரண்டிக் கொண்டாங்கண்ணே. மறுபடி டெஸ்ட் பண்றேன்" என்று போனில் சொன்னாள்.

"எனக்கே பாடமா? சைன் போடு லா, போதும்."

அவள் போடவில்லை. கனத்த, அழகில்லாத வேறொரு கணினியை எடுத்தாள். அதை ஓட்டியபோது திரை அமைதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் கேட் உதைபட்டுத் திறந்தது. புவனேஸ்வரன் ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு அவள் முகத்தில் அறைந்தான். உதடு கிழிந்தது. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். இடது காதில் ஒரு வெடிச்சத்தம். பிறகு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

"சொந்த அண்ணனயே தள்ளிட்டியா?"

குறுக்கே பாய்ந்த மாரியம்மாவை உதறித் தள்ளினான். கிழவி மேசை முனையில் விழுந்தாள். அதைக் கண்டதும் அகல்யாவுக்குப் பயம் விட்டுப்போனது. அவன் மணிக்கட்டைக் கடித்தாள், வாயெல்லாம் ரத்தம். கீழே விழுந்த ஹெல்மெட்டை எடுத்து அவன் முழங்காலில் ஓங்கி அடித்தாள். அலறிக்கொண்டு சாய்ந்தான். மறுபடியும் ஓங்கியவளைப் பக்கத்து வீட்டு ரங்கசாமி ஓடிவந்து பிடித்தார்.

"போதும்மா, விட்டுரு! செத்துருவான்!"

தான் நிறுத்தியிருக்கமாட்டாள் என்பது அவளுக்கே தெரிந்தது. ஹெல்மெட்டைக் கீழே போட்டாள்.

"வழுக்கி விழுந்தேன்னு சொல்லுடி. அவன் உன் அண்ணன்" என்று அழுதாள் தாய்.

"நீங்களும் வழுக்கித்தான் விழுந்தீங்களாம்மா?"

அகல்யா ரத்தச் சட்டையோடு ரங்கசாமியின் காரில் ஏறிப் போலீஸுக்குப் போனாள்.

கோர்ட்டில் தாயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். மகனைப் பார்த்தாள் மாரியம்மா. பிறகு, "அவன்தான் அடிச்சான். என்னையும் தள்ளுனான்" என்றாள். புவனேஸ்வரன் சிறைக்குப் போனான்.

இடது காது அதன்பிறகு கேட்கவேயில்லை. பரிசோதனை அறையில் யாராவது கூப்பிட்டால் அகல்யா முழுசாகத் திரும்பித்தான் பார்ப்பாள். அந்தத் தீபாவளிக்கு இந்திராதேவி வந்தாள். சமையலறையில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.